மோரோவிண்ட் விளையாட்டும் ஆடுவோன் உரிமையும்

தொல்காப்பியர் உவகை பிறத்தற்குரிய நிலைக்களன் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். இன்று கணினித் திரையில் வேடமேற்று ஆடப்பெறும் விளையாட்டுகளுள், ஆடுவோனை ஒரே வழியிற் செலுத்தாது அவன் விருப்பிற்கே விடுவன ஒரு சாரன. அவை தரும் உவகை யாது என்பதனை, அமெரிக்க நாட்டுப் பெதெஸ்டா நிறுவனத்தார் 2002இல் வெளியிட்ட 'மோரோவிண்ட்' கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

தொடக்கத்தில் ஆடுவோன் கப்பலிற் கொணரப்பெற்ற ஒரு கைதி. கரையேறிப் பெயரும் குலமும் தொழிலும் பதிவித்தபின் விடுதலை பெறுகின்றான். பால்மோரா என்னும் ஊரில் ஒருவனைக் காணுமாறு ஏவப்பெறுகின்றான்; ஆயினும் காணாது திரியலாம், களவாடலாம், மருந்து வடிக்கலாம். திறன்கள் 27, அவை பயிலப் பயில வளர்வன. செல்லிடத்தைக் காட்டும் குறியும் இல்லை. ஊரார் கூறும் மலையும் பாலமும் கவர்வழியும் கொண்டே தேடிச் செல்லல் வேண்டும்.

பல வழிகள் இருத்தல் ஒன்றே உரிமையாகுமோ எனின், ஆகாது என்பதே எம் கருத்து. கதைக்கு இன்றியமையாதார் ஒருவரை ஆடுவோன் கொன்றுவிடின், ஊழின் இழை அறுந்தது என்னும் பொருள்பட ஓர் அறிவிப்புத் தோன்றும். முன்னர்ப் பதிந்துவைத்த நிலைக்கு அவன் மீளலாம். அன்றேல் கெட்டொழிந்த அவ்வுலகிலேயே வாழலாம். தடுப்பார் இலர். தெய்வமாகப் போற்றப்பெறும் விவெக்கைக் கொன்றாற்கும் ஒரு கரவு வழி உண்டு. விவெக்கிடமிருந்த போர்க் கையுறையை, துவெமர் குலத்துள் எஞ்சிய யாக்ரம் பாகர்ன் என்பான்பாற் கொண்டுசென்று செப்பஞ்செய்து கதையை முடிக்கலாம். ஆனால் அதனை அணிந்தான் உடல்நலம் என்றும் மீளாவாறு குன்றும். செயலுக்கு விளைவு உண்டாதலே உரிமைக்கு உயிர் என்க. 2006இல் வந்த 'ஒப்ளிவியன்' இன்றியமையாதாரை வெட்டினும் சாகாது மயங்கி எழுவாராக அமைத்தது. செல்லிடத்தையும் குறியிட்டுக் காட்டியது. எளிமை கூடிற்று, ஆடுவோன் கைப்பிழைக்கு இடம் குறைந்தது.

மோரோவிண்டிலும் ஒரு குறை உண்டு. தாகோத் உர் என்னும் பகைவன், ஆடுவோன் ஆண்டு பல வீணே கழிப்பினும், சிவந்த மலையுள் அவன் வரவு நோக்கியே இருப்பான். 1997இல் வெளிவந்த 'ஃபால்அவுட்' இதற்கு மறுதலை. நிலவறையில் வாழ்வார்க்கு நீர் தரும் பொறிக்கு வேண்டிய சில்லினை 150 நாளுள் கொணர்க என அது வரையறுத்தது. அங்கும் ஆடுவோன் விரும்பியாங்குத் திரியலாம். திரியும் ஒவ்வொரு நாளும் அம்மாந்தர் நீரிற் குறைகின்றது.