விடியுமுன் எழுந்து போனவர்

முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்துப் பார்க்கச் செல்லும் பத்திரிகை நிருபர் முதலிற் பயில வேண்டியது கண்விழித்திருத்தல். வற்றாப்பளைக் கண்ணகையம்மனுக்கு வைகாசியிற் பொங்கலிடும் அம்மக்களுக்குக் கோவலன் கதை வெறுங் கதையன்று. இரவிலே தொடங்கும் ஆட்டம் கோவலன் கொலையுண்ணும் கட்டத்தை எட்டும்போது பின்னிரவாகிவிடும். சபையின் கண்கள் நனைவதும் அப்போதுதான்.

அதற்குள் நிருபர் எழுந்துவிடுகிறார். செய்தி போய்ச் சேரவேண்டுமே! அவர் குறிப்பேட்டைப் புரட்டினால், தலைமை வகித்தவர் இருப்பார். பிரதம விருந்தினர் இருப்பார். பொன்னாடை போர்த்தியவரும் போர்க்கப்பெற்றவரும் இருப்பர். மத்தளத்தோடு விடியும்வரை நின்ற அண்ணாவியார் இரார். எந்த வரவுக்கு எந்தத் தாளக்கட்டு, பிற்பாட்டுக்காரர் எவ்வடியை மீட்டுப் பாடினர், 'முல்லை மோடி' எனப்படும் இவ்வாட்டமுறை வடமோடி தென்மோடிகளினின்றும் எங்கே விலகுகின்றது என்பனவும் இரா. பிறரைக் குறை சொல்வானேன்? நானும் அவ்வாறு எழுதியவனே.

பத்திரிகை எழுத்துக்கு வலுவில்லை என்பதற்கில்லை. 1956 நவம்பரிற் கொழும்பிலே எதிரிவீர சரச்சந்திரரின் 'மனமே' மேடையேறியபோது, ரெஜி சிறிவர்த்தன ஆங்கில நாளிதழில் எழுதிய விமர்சனம் நகரத்தாரின் பார்வையை அந்நாடகத்தின்பால் திருப்பிற்று. அவர் ஆட்டத்தைப் பார்த்து எழுதினார், விருந்தினரைப் பார்த்தன்று. பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தைச் சுருக்கி நகர மேடைக்குக் கொணர்ந்தபோது எம்மவர் எழுத்திலும் அத்தகைய பார்வை முளைத்தது. ஆயினும் சுருங்காத கூத்து, கோயில் வீதியிலே, விடியும்வரை ஆடப்படுகிறது. அங்கே இருக்க நிருபருக்குப் பொழுதில்லை.

நாலுவரிச் செய்திதானே என்று தள்ளிவிடவும் இயலாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த அந்நாட்களிலேயே 'ஈழநாடு' பணிமனையும் எரியூட்டப்பட்டது. 2009இல் முல்லைத்தீவு மக்கள் உடுத்த உடையோடு முகாம்களுக்குச் சென்றனர். கூத்துக் கொப்பியைச் சுமக்க எத்தனை பேருக்கு இயன்றிருக்கும்? பழைய ஆட்டமொன்றுக்கு அச்சில் எஞ்சிய நாலு வரியே சான்றாகிவிடவும் கூடும். அந்த நாலு வரியிலும் பிரதம விருந்தினரே வீற்றிருக்கிறார்.

என் செய்தி வெளிவந்தபின் அண்ணாவியார் ஒருவரைச் சந்தித்தேன். பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். தம் பெயர் வராததைப்பற்றி அவர் பேசவேயில்லை.

"தம்பி, கோவலனை வெட்டுமட்டும் இருந்தனீங்களோ?" என்று மட்டுமே கேட்டார்.

இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.