நாலு தேர்தல்... நாலு எம்.பி.!
கல்வராயன் மலைக்கு வந்தது என்ன?

கள்ளக்குறிச்சி,-

கல்வராயன் மலைக்காரர்களுக்கு ஓட்டு என்பதே புதுசு. ஜாகிர்தார் ஆட்சி 1976-ல்தான் ஒழிந்தது. ஓட்டுரிமை கிடைத்ததோ 1996-ல் என்று ஐகோர்ட்டில் 2024-ல் பேசப்பட்டது. சாராயச் சாவுகளுக்குப் பிறகுதான் கோர்ட்டே மலையைத் திரும்பிப் பார்த்தது!

கள்ளக்குறிச்சி பாராளுமன்றத் தொகுதிக்கு 2009 முதல் நாலு தேர்தல் நடந்திருக்கிறது. ஆதி சங்கர், காமராஜ், கவுதம சிகாமணி, மலையரசன் என்று ஒவ்வொரு தடவையும் புது ஆள். டெல்லியில் எந்த ஆபீசில் எந்த பைல் தூங்குகிறது என்று தெரிந்துகொள்வதற்குள் அஞ்சு வருஷம் ஓடிவிடுகிறது.

மலையில் கேட்பது ரோடு, ஆஸ்பத்திரி. எம்.பி. கையில் உள்ள தொகுதி நிதி வருஷத்துக்கு 5 கோடி. பழங்குடிப் பகுதிக்கு ஏழரை சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது விதி. கணக்குப் போட்டால் முப்பத்தேழரை லட்சம். அதையும் இதே தொகுதியில் இருக்கும் ஏற்காடு மலையோடு பங்கு போட வேண்டும்!