மாந்தம் என்று இருந்துவிடாதீர்கள்!

"டாக்டர், குழந்தைக்கு ஓயாம சளி. எதிர்ப்புச் சக்திக்கு ஒரு லேகியம் கொடுங்களேன்!" - தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. சின்னக் குழந்தைக்கு வருஷத்தில் 6, 7 தடவை சளி பிடிப்பது சகஜம்தான். பயப்பட வேண்டாம். ஆனால், அபூர்வமாகச் சில குழந்தைகளுக்குக் கோளாறு வேறு இடத்தில் இருக்கும்.

கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களில் 'லிம்போசைட்' முக்கியமான வகை. எல்லா அணுக்களையும் போல இதற்குள்ளும் ஓயாமல் ரசாயன மாற்றம் நடக்கிறது. அதை நடத்தி வைப்பவை என்சைம்கள். அவற்றில் ஒன்று அடினோசின் டிஅமினேஸ். சுருக்கமாக ஏ.டி.ஏ. அணுக்கள் அழியும்போது மிஞ்சும் ஒருவகைக் கழிவை மாற்றி அகற்றுவது இதன் வேலை. இது இல்லாவிட்டால்? சாக்கடை அடைத்துக்கொண்ட வீடு மாதிரிதான். கழிவு லிம்போசைட்டுக்குள்ளேயே தேங்கி விஷமாகிறது. அணு பெருக முடியாமல் செத்துப்போகிறது. அப்புறம் சாதாரணக் கிருமிகூட குழந்தையின் உயிருக்கு உலை வைத்துவிடும்.

1972-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த எலோயிஸ் கிப்லெட் என்ற பெண் மருத்துவர்தான், எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றிய 2 குழந்தைகளிடம் இந்த என்சைம் இல்லாததைக் கண்டுபிடித்தார்.

தாய், தகப்பன் இருவரிடமும் பழுதான மரபணு ஒவ்வொன்று ஒளிந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் 4-ல் 1 பங்கு இந்த நோய் வர வாய்ப்பு உண்டு. பெற்றோருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டிக்கொண்டால் இந்த வாய்ப்பு கூடும்.

அடையாளம் என்ன? பிறந்த சில மாதங்களிலேயே திரும்பத் திரும்ப நிமோனியா, நிற்காத பேதி, மருந்துக்கும் போகாத வாய் வெண்படலம், ஏறாத எடை. இவை சேர்ந்து வந்தால், 'மாந்தம்தான்' என்று உரைமருந்து கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் ஓடுங்கள். லிம்போசைட் எண்ணிக்கை குறைவாக இருப்பதைச் சாதாரண ரத்தப் பரிசோதனையே காட்டிக்கொடுக்கும். முந்தைய குழந்தை கைக்குழந்தையாகவே தொற்று நோயில் இறந்திருந்தால், பி.சி.ஜி. ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். மற்றக் குழந்தைகளுக்குக் கவசமான அந்த ஊசி, இவர்களுக்கு ஆபத்து.

பொருத்தமான உடன்பிறப்பின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினால் குணம் கிடைக்கும். என்சைம் ஊசியும், 1990-ல் அமெரிக்காவில் 4 வயதுச் சிறுமிக்கு முதன்முதலாகச் செய்யப்பட்ட மரபணு சிகிச்சையும் உண்டு. எதுவானாலும் சீக்கிரம் தொடங்க வேண்டும்.

கசாயமோ, லேகியமோ இந்த என்சைமை உண்டாக்காது. சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்!