கிணற்றை விசாரிக்காத வைத்தியம்

காலில் முள் தைத்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அதைப் பிடுங்கிவிட்டு நடக்கிற குடியானவன், இடுப்பிலும் முழங்காலிலும் வருஷக்கணக்காகக் குடியேறிவிட்ட வலியை ஒரு வியாதியென்றே எண்ணுவதில்லை. ஏர் பிடித்த கையும், பாரம் சுமந்த தோளும், நாற்று நட்டுக் குனிந்த முதுகும் நாற்பது வயதுக்கு மேல் நோவெடுப்பது இயல்புதானே என்று அவன் சமாதானம் அடைகிறான். வீட்டுக்கு ஒருவர் விறைத்த கழுத்தோடும் வளையாத முதுகோடும் நடமாடுகிற ஊரில், ஆரோக்கியமான சரீரம் எப்படியிருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லாமற் போகிறது. எலும்பையும் மூட்டையும் பற்றுகிற இத்தகைய நோய்கள் காலராவைப் போல் ஊரைக் காலி செய்வதில்லை. ஆகையால், மரணக் கணக்கைக் கொண்டே தேசத்தின் சுகத்தை அளப்பவர்களுடைய பார்வையில் அவை படுவதுமில்லை. இவ்வாறு பெயரின்றி மறைந்து கிடக்கும் வியாதிகளுள், நம் நாட்டு மண்ணோடும் நீரோடும் பின்னிக் கிடப்பது புளோரைடு நோய். அதனுடைய இந்திய சரித்திரம் பழைய சென்னை மாகாணத்திலேதான் தொடங்குகிறது.

அந்நாளில் நெல்லூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த பொதிலி, தர்சி, கனிகிரிப் பிரதேசங்களில் மனிதர்களுக்கு முன்பாக உழவு மாடுகளிடத்திலேயே இந்த நோய் கவனிக்கப்பட்டது. எருதுகள் மூட்டு விறைத்து நடக்க மாட்டாமல் நின்றுவிட்டதைக் குடியானவர்கள் கண்டார்கள். பின்னர், கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்த ஷார்ட் என்பவரும், அவருடன் உழைத்த பண்டிட், ராகவாச்சாரி முதலியோரும், மக்ராபர்ட், பார்னார்டு, மன்னாடி நாயர் ஆகிய சென்னை மருத்துவர்களும் அப்பகுதி ஜனங்களைப் பரிசோதித்து, 1937-ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். டென்மார்க்கில் கிரையோலைட்டு என்னும் கனிமத்தைக் கையாண்ட தொழிற்சாலை ஊழியர்களின் எலும்புகளில் காணப்பட்ட அதே மாறுதலை, புகைபோக்கி ஒன்றைக்கூடக் கண்டிராத இந்தக் குக்கிராமங்களின் மக்களிடத்தில் எக்ஸ்ரே படங்கள் காட்டின. அங்கே தொழிற்சாலைத் தூசியின் வழியாகச் சரீரத்தில் புகுந்த நஞ்சு, இங்கே அன்றாடம் குடிக்கிற கிணற்று நீரிலேயே கரைந்திருந்தது.

கருங்கற் பாறைகளிலுள்ள சில கனிமங்களில் புளோரைடு அடங்கியிருக்கிறது. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நிலத்தடி நீர் அதைச் சிறுகச் சிறுகக் கரைத்துக்கொள்கிறது. கால்சியம் மிகுந்த நீராயின் புளோரைடு அதனோடு சேர்ந்து படிந்து ஒதுங்கிவிடும். கால்சியம் குன்றிச் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரிலேதான் அது தாராளமாகக் கரைந்து நிற்கும். அந்நீரின் தெளிவிலும் மணத்திலும் சந்தேகத்துக்கு இடமே இராது; காய்ச்சினாலோ, நீர் ஆவியாகி நஞ்சின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தலாகாதென்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. வெயிலில் உழைத்துக் குடங்குடமாக நீர் பருகுகிறவனுக்கு இவ்வளவுகூட அதிகமென்பதை உணர்ந்தே, இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமையே விரும்பத்தக்க எல்லையாகக் கொண்டிருக்கிறது.

சரீரத்தினுள் தங்கும் புளோரைடில் ஏறக்குறைய முழுவதும் எலும்பிலும் பல்லிலுமே சென்று சேர்கிறது. பால்யத்தில் இந்நீரைக் குடித்தவர்களுக்குப் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படியும். எலும்பில் நேரும் கேடு அப்படிக் கண்ணுக்குப் புலனாகாமல் பல வருஷங்கள் வளர்கிறது. முதலில் கைகால்களில் மதமதப்பும் குடைச்சலும், பிறகு முதுகில் பிடிப்பும், அதன்பின் கழுத்தைத் திருப்ப முடியாத விறைப்புமாக முற்றி, எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களே சுண்ணாம்பேறி இறுகிவிட, முதுகெலும்பு முழுவதும் ஒரே கழிபோல் ஆகிவிடுகிறது. முதுகெலும்பின் உட்குழல் குறுகித் தண்டுவடத்தை நெரிப்பதால் கால்கள் செயலிழந்துபோவதும் உண்டு. இக்கொடுமையைத் தெலுங்கானாவின் நல்கொண்டாவில் சித்திகி 1955-லும், பஞ்சாபில் அமர்ஜித் சிங், ஜாலி முதலியோர் 1960-களின் தொடக்கத்திலும் விரிவாக எழுதி வைத்தார்கள்.

இத்தனை தெளிவாக எழுதி வைக்கப்பட்ட வியாதி, கிராமத்து ஆஸ்பத்திரியில் இன்னும் அடையாளம் தெரியாமல் நழுவுவது ஏன் என்று கேட்க வேண்டும். நோயாளியின் முறையீட்டில் அதற்கே உரிய விசேஷ லட்சணம் எதுவும் இல்லை. வாதம், மூட்டுத் தேய்மானம், முதுமை என்று எந்தப் பெயரிட்டாலும் பொருந்திவிடுகிறது. வலி மாத்திரையால் இரண்டு நாள் தணிகிறது. அதே நீரைக் குடித்துக்கொண்டு மூன்றாம் நாள் அவன் மீண்டும் வருகிறான். பல்லின் கறையை மட்டும் நம்புகிற வைத்தியரும் ஏமாறுவார். வெளியூரில் பிறந்து, பல் முளைத்துத் தேறிய வயதில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணின் பல் முத்துப்போல் இருக்கும்; கறை இல்லாமையால் அவள் முதுகுப் பிடிப்புக்கும் ஊர்த் தண்ணீருக்கும் சம்பந்தமில்லையென்று முடிவு கட்டிவிட்டால், அவளுக்கு இழைக்கப்படும் அநீதி பெரிது.

வறுமை இந்நோய்க்கு உற்ற துணை. உணவில் கால்சியமும் வைட்டமின் சி சத்தும் குறைந்தவர்களை அது கடுமையாகத் தாக்குகிறதென்பதைப் பண்டிட் குழுவினர் 1940-லேயே ஆராய்ந்தார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசுவாமியும், முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்படி கால் கோணிய இளைஞர்களை இத்தகைய பிரதேசத்தில் கண்டு 1973-ல் உலகுக்கு அறிவித்தார்கள். இன்னொரு துர்ப்பாக்கியமும் சேர்ந்துகொண்டது. காலராவையும் நரம்புச் சிலந்தியையும் ஒழிக்க வேண்டுமென்ற நல்லெண்ணத்தோடு, திறந்த கிணறுகளையும் குளங்களையும் விட்டு மக்களை அடிபம்புக்கு அழைத்து வந்தோம். கிருமியினின்று அவர்களைக் காத்த அந்த ஆழ்குழாய்களே, நீரைச் சோதித்துப் பாராத இடங்களில், பாறை ஆழத்துப் புளோரைடை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்து சேர்த்தன.

நோயை அறிவதற்குப் பெரிய சாதனங்கள் வேண்டுமென்பதும் இல்லை. இத்துறையில் நெடுங்காலம் உழைத்துவரும் டாக்டர் ஏ.கே. சுசீலா வற்புறுத்துகிற மூன்று எளிய சோதனைகளைக் கிராம சுகாதாரச் செவிலியரும் செய்யலாம். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடச் சொல்வது, மோவாயை மார்பில் பதிக்கச் சொல்வது, கைகளைத் தூக்கித் தலைக்குப் பின்னால் கொண்டுபோகச் சொல்வது ஆகிய இவற்றில் இடர்ப்படுகிறவரைச் சந்தேகித்து, அவர் குடிக்கும் நீரையும் அவருடைய சிறுநீரையும் சோதித்து, முன்கையை எக்ஸ்ரே எடுத்தால், இரு எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வு சுண்ணாம்பேறியிருப்பது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும். இறுகிப்போன எலும்பைப் பழையபடி இளக்குவதற்கு மருந்து கிடையாது. ஆதலால் காலத்தில் கண்டறிவதும், நல்ல நீரும், பாலும் கீரையும் நெல்லிக்கனியும் சேர்ந்த போஷணையுமே இதற்குச் சிகிச்சை.

பரிகாரங்களும் இல்லாமல் இல்லை. படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து புளோரைடைப் படியவைக்கும் முறையை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்து, நோயால் வாடிய நல்கொண்டாவின் பெயரையே அதற்குச் சூட்டியது. ஆனால் நாள்தோறும் அளந்து கலக்கி, வண்டலை அகற்றுகிற பொறுப்பாளர் இல்லாவிடில் எந்த நல்ல முறையும் நிலைக்காது. ஆற்று நீரைக் குழாய் வழியே கொணர்வதே இதனினும் உறுதியான வழி. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைத் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியுடன் நிறைவேறி 2013-ல் செயலுக்கு வந்தது. மத்திய அரசும் 2008-09-ஆம் ஆண்டில் புளோரைடு நோய்த் தடுப்புக்கெனத் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. எனினும், குழாயில் ஆற்று நீர் வராத நாட்களில் ஜனங்கள் மறுபடியும் ஆழ்குழாயைத்தான் நாடுவார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. நல்ல நீர் தடையின்றி வந்தாலன்றி எலும்பில் நஞ்சு சேர்வது நிற்காது.

1937-ல் நம் மாகாணத்து ஆராய்ச்சியாளர்கள் வெற்றி கண்டதன் இரகசியம், அவர்கள் நோயாளியை மட்டும் பார்க்காமல் அவனுடைய ஊரையும், கிணற்றையும், மாட்டையும், உணவையும் சேர்த்துப் பார்த்ததிலே இருக்கிறது. ஒரு சரீரத்தை மட்டும் பரிசோதிக்கிறவருக்கு மூட்டுவலியாகத் தோன்றுவது, ஊரையே பரிசோதிக்கிறவருக்குக் குடிநீரின் குற்றமாக விளங்குகிறது. ஆகவே, பாறைப் பூமியிலுள்ள ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், முதுகுவலியென்று வருகிற ஒவ்வொருவரிடமும், எந்தத் தண்ணீரை எத்தனை வருஷமாகக் குடித்து வருகிறீர்கள் என்று கேட்டு, விடையைச் சீட்டில் பதியும் வழக்கம் கட்டாயமாக வேண்டும். அந்தச் சீட்டுகள் ஊர்வாரியாகத் தொகுக்கப்பட்டுக் குடிநீர் அதிகாரிகளின் மேஜைக்குப் போக வேண்டும். குற்றமுள்ள குழாய்கள் அடையாளமிடப்பட்டுச் சமையலுக்கும் குடிக்கவும் விலக்கப்பட வேண்டும். கேள்வி ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். கேட்காமல் விட்டதன் தண்டனையையோ, ஒரு தலைமுறை தன் முதுகெலும்பில் சுமக்கிறது.