தரை நனையாமல் ஒரு கசிவு

நத்தம் பக்கம் புதிதாகக் கட்டிய ஏதாவது ஒரு வீட்டில், சமையல் மேடைக்கு அடியில் குனிந்து பாருங்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வேகமாக இறங்கும் ஒல்லிக் குழாய், தெருக்குழாய் தண்ணீர் நிதானமாக வரும் பெரிய குழாய், பாத்திரத் தொட்டியின் கழிவுக் குழாய், மூன்றும் ஒட்டி ஒட்டிப் போகும். கல்லீரலின் வாசலிலும் இதே ஏற்பாடுதான். வேகக்குழாய் கல்லீரல் தமனி. பெரிய குழாய், குடலிலிருந்து சத்தோடு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை. கழிவுக் குழாயின் இடத்தில் பித்தநாளம். அது முன்சிறுகுடலில் போய்த் திறக்கிறது. (பித்தம் வெறும் கழிவல்ல, கொழுப்பைச் செரிக்க வைப்பதும் அதுதான். அந்த அளவுக்கு இந்த ஒப்பீடு நொண்டும்.)

வேகக்குழாயில் ஓரிடம் நைந்தால் அங்கே புடைக்கும். புடைக்கப் புடைக்கச் சுவர் மெலியும். மெலிந்த சுவர் அதே அழுத்தத்துக்கு இன்னும் புடைக்கும். தமனியில் இதுதான் அனியூரிசம். சுவர் தானாக நலிந்தும் வரலாம். பித்தப்பை அறுவை, கல்லீரலில் ஊசி போட்டுச் சதை எடுக்கும் சோதனை, மாமரத்திலிருந்து விழுந்து வயிற்றில் பட்ட அடி, இவற்றால் தமனியில் காயம்பட்டும் வரலாம். காயத்தால் வருவது சில நாள், சில வாரம் கழித்துக்கூட வெடிக்கும் என்பதுதான் வம்பு.

வெடிப்பு வயிற்றறைக்குள் நேர்ந்தால் உயிருக்கு உடனடி ஆபத்து. பக்கத்துப் பித்தநாளத்துக்குள் நேர்ந்தால்? தண்ணீர் கழிவுக் குழாய்க்குள்ளேயே கசிகிறது. அடுப்படித் தரை நனையவில்லை. கொல்லைப்புறத்தில் குழாய் முடியும் இடத்தில் பார்த்தவருக்குத்தான் தெரியும். ரத்தம் குடலில் இறங்கி, செரிமானத்தில் கறுத்து, தார் போல ஒட்டும் நாற்றமடிக்கும் மலமாகப் போகிறது. சிலருக்கு ரத்த வாந்தியும் வரும். ரத்தக்கட்டி நாளத்தை அடைத்தால் வலப்பக்க மேல்வயிற்றில் வலி, பித்தம் பின்வாங்கி மஞ்சள் காமாலை. வலி, காமாலை, ரத்தப்போக்கு என்ற இந்த மூன்றின் கூட்டை 1871-இல் ஹைன்ரிச் குவிங்கே என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதிவைத்தார். மூன்றும் சேர்ந்து வருவது சிலருக்குத்தான்.

அதனால்தான் இது எளிதில் பிடிபடுவதில்லை. எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் புண் தேடுவார்கள், புண் இருக்காது. பித்தநாளம் திறக்கும் வாய் பக்கவாட்டில் இருப்பதால் சாதாரணக் குழாய்க் கேமராவுக்குச் சரியாகத் தெரியாது; கசிவும் விட்டுவிட்டு வரும். சி.டி. ஆஞ்சியோகிராம்தான் புடைப்பைக் காட்டிக்கொடுக்கும்.

சரிசெய்ய இப்போது பெரும்பாலும் சுவரை இடிப்பதில்லை. தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பிளாட்டினச் சுருள்களை வைத்துப் புடைப்பை அடைக்கிறார்கள். வேகக்குழாயின் ஒரு கிளையை மூடினாலும் கல்லீரல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்; அதற்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறதே! அந்தச் சிரை ஏற்கெனவே அடைபட்டவருக்கும், மாற்றுக் கல்லீரல் பொருத்தப்பட்டவருக்கும் இந்தக் கணக்கு செல்லாது.

இது அரிய நோய். கறுப்பு மலத்துக்கு அல்சரே பெரும்பாலும் காரணம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் காமாலையோடு கறுப்பு மலமும் போனால் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்துத் திண்டுக்கல்லோ மதுரையோ பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். பித்தப்பை அறுவையோ வயிற்றில் அடியோ முன்பு நடந்திருந்தால், கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.