தறி இழந்த பேட்டை

சென்னைப் பட்டணத்தில் வாழ்வோருள் சிந்தாதிரிப்பேட்டையை அறியாதார் இரார். ஆயினும் அப்பெயருக்குள் ஒரு தறி மறைந்து கிடப்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. 'சின்னத் தறிப்பேட்டை' என்பதே நாளடைவில் இவ்வாறு மருவிற்று என்பர்.

கூவம் நதி வளைந்து மூன்று புறமும் அணைத்துச் செல்லும் இவ்விடம், ஆதியில் சுங்குராமர் என்னும் பெருவணிகரின் தோட்டமாக இருந்தது. 1734-ஆம் வருஷத்தில் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் அத்தோட்டத்தைக் கைக்கொண்டு, நெசவாளர்க்கென ஓர் ஊரை அமைத்தார். நூற்போரும் நெய்வோரும், சாயம் தோய்ப்போரும் வெளுப்போரும், சீலையில் வர்ணம் தீட்டுவோரும் இங்கே குடியேற்றப்பட்டனர். ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீசுவரரும் அடுத்தடுத்துக் கோயில் கொண்டனர். ஊர் நிறைந்தது.

இதனைக் கம்பெனியாரின் கருணை என்று நாம் மயங்க வேண்டுவதில்லை. நம் நாட்டுத் துணிக்குச் சீமையில் இருந்த மதிப்பு பெரிது. கப்பல் புறப்படும் காலத்தில் சரக்குத் தட்டின்றிக் கிடைக்க வேண்டுமாயின், நெய்பவன் கோட்டைக்கு அருகில் இருக்க வேண்டும். தறியை ஆற்றங்கரைக்கு அழைத்தது அந்த லாபக் கணக்கே.

கணக்கு மாறியபோது ஆதரவும் மாறிற்று. லங்காஷயர் ஆலைத் துணி நம் கடைவீதிகளில் வந்து குவிந்தது. 1833-ஆம் வருஷத்துச் சட்டம் கம்பெனியின் வியாபாரத்துக்கே முடிவு கட்டிற்று. துணியை ஏற்றுமதி செய்யப் பிறந்த பேட்டை, துணி இறக்குமதியாவதைப் பார்த்து நின்றது. இன்று அங்கே மீன் சந்தையின் ஆரவாரம் கேட்கிறது. 1995-இல் திறந்த பறக்கும் ரயில் பாதையில் வண்டி ஓடுகிறது. தறியோசை மட்டும் கேட்பதில்லை.

நதியின் கதையும் வேறன்று. திருவிற்கோலம் என்னும் பாடல் பெற்ற தலம் விளங்கும் கூவம் கிராமத்தின் பெயரைத் தாங்கி வரும் ஆறு, நகரத்தின் கழிவைச் சுமந்து கறுத்துவிட்டது. நதியைச் சீர்ப்படுத்தும் திட்டத்தின் பேரில், 2017-ஆம் வருஷத்தில் கூவக் கரைக் குடும்பங்கள் பல, 20 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அன்றாடக் கூலி வேலை நகரத்திலே, வீடு தொலைவிலே! அன்று ஏழைத் தொழிலாளியை ஆணையிட்டுக் கரைக்கு அழைத்தனர். பின்னர் ஏழையை ஆணையிட்டே கரையினின்று அகற்றினர்.

ஆறு தெளிய வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கரையில் வாழ்வோரின் பிழைப்பையும் கேட்டறிந்து செய்வதே சுதந்திர நாட்டுக்குத் தகும். கம்பெனியாரின் கணக்கு அவர்களோடு ஒழியட்டும்.