"வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்கும் முன்...

ஆணுக்குப் பதவி உயர்வு வந்தால் வீட்டில் ஸ்வீட் வாங்குகிறார்கள். பெண்ணுக்கு வந்தால், "அப்போ வீட்டை யார் பார்த்துக்கறது?" என்று கேட்கிறார்கள். நம்மில் பலர் வீட்டில் இதே கதைதான், சகோதரிகளே!

என் ஓரகத்தி மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 28 வருஷ சர்வீஸ் போட்டவள். போன வருஷம் முதுநிலை அதிகாரியாகப் பதவி உயர்வு வந்தது. ஆனால் திருச்சியிலிருந்து சென்னைக்குப் போக வேண்டும். மகள் பிளஸ் 2. மாமியாருக்கு முழங்கால் வலி. கொழுந்தனாரோ தனியார் கம்பெனி வேலை. ஊரை விட்டு நகர முடியாது.

"வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்றார் மாமியார். கொழுந்தனார், "உன் இஷ்டம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "உன் இஷ்டம்" என்று சொல்கிறவர் ஒரு வேலையையும் தன் தலையில் எடுத்துக் கொள்வதில்லையே! எனக்கும் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அவள் சென்னைக்குப் போனால் மாமியார் என்னிடம்தானே வருவார்?

அவள் அவசரப்படவில்லை. முதலில் விதிகளை விசாரித்தாள். மத்திய அரசு வேலையில் பதவி உயர்வை மறுத்தால், ஒரு வருஷத்துக்கு மறுபடி தர மாட்டார்கள். அதற்குள் மேலே போகும் ஜூனியர்கள் அந்தப் பதவியில் இவளுக்கு சீனியர் ஆகிவிடுவார்கள். பதவி உயர்வே கிடைக்காமல் தேங்கி நிற்பவர்களுக்கு 10, 20, 30 ஆண்டுகளில் ஊதிய உயர்வு தரும் திட்டம் 2008 முதல் இருக்கிறது. பதவியைத் தாமாகவே மறுத்தவர்களுக்கு அதுவும் தடைப்படும். 2004-க்கு முன் சேர்ந்து பழைய பென்ஷனில் இருப்பவர்களுக்குக் கடைசி காலச் சம்பளத்தில் பாதிதான் பென்ஷன். ஆக, இன்றைக்கு "வேண்டாம்" என்றால் ஆயுசுக்கும் நஷ்டம்.

உதவியும் இருக்கிறது. 18 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்காக மொத்த சர்வீஸில் 730 நாள் குழந்தை பராமரிப்பு லீவு உண்டு. அதில் அவளுக்கு மிச்சம் இருந்தது. ஆனால் அது உரிமையாகக் கேட்கிற லீவு அல்ல, மேலதிகாரி அனுமதித்தால்தான். அதையும் சேர்த்தே யோசித்தாள்.

பிறகு ஒரு நோட்டில் வீட்டு வேலைகளை எல்லாம் எழுதி எங்கள் முன் வைத்தாள். காலை டிபன், மாமியாருக்கு மாத்திரை, கேஸ் புக்கிங், மகளை டியூஷனில் விடுவது என்று 23 வேலைகள்! "இதுல யார் எதைச் செய்வீங்கன்னு சொல்லுங்க. அப்புறம் நான் முடிவு சொல்றேன்" என்றாள். கொழுந்தனார் வாயடைத்துப் போனார். கடைசியில் ஒன்பது வேலைகளில் தன் பெயரை எழுதினார். மாமியாரை நான் அழைத்துக் கொண்டேன். ஆனால், "மாசத்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு வேணும், அன்னிக்கு அத்தை உங்க வீட்டுல" என்று நானும் நோட்டில் எழுதி விட்டேன்.

இப்போது அவள் சென்னையில். வெள்ளிக்கிழமை ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறி, விடியலில் வந்து இறங்குகிறாள். எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். மகள் சில ராத்திரி போனில் அழுகிறாள். எனக்கும் இடுப்பு வலிக்கிறது. ஆனாலும் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. எல்லாரும் கேட்டு, ஒப்புக் கொண்டு செய்த ஏற்பாடு இது.

பெண்ணுக்குப் பதவி என்றாலே தயங்குவது இன்று நேற்றைய பழக்கமல்ல. 1951-ல் ஐ.ஏ.எஸ். தேறிய முதல் பெண் அன்னா ராஜம். பேட்டி எடுத்தவர்களே, "பெண்களுக்கு வேறு சர்வீஸ் பொருத்தமாக இருக்கும்" என்று திருப்பிவிடப் பார்த்தார்களாம். சென்னை மாகாணத்தில் தலைமைச் செயலக வேலையே போதும் என்றார்களாம். அவர் விடாமல் வாதாடி, ஓசூரில் சப்-கலெக்டர் ஆனார்!

எல்லாரும் ஏற்றே தீர வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர், மகனின் வைத்தியத்துக்காகத் தானே யோசித்து மறுத்தார்; இன்றும் வருத்தம் இல்லை. அது அவருடைய முடிவு. வீட்டார் முடிவு செய்துவிட்டு, கையெழுத்தை மட்டும் அவளிடம் வாங்குவதுதான் அநியாயம். மறுப்புக் கடிதத்தில் இருப்பது அவள் பெயர் மட்டும்தானே!

வேலைக்குப் போகாத நாமும் இதில் ஒரு கட்சிதான், தோழிகளே. நாளை உங்கள் மகளுக்கோ, மருமகளுக்கோ இப்படி ஒரு ஆர்டர் வரலாம். "வீட்டை யார் பார்த்துக்கறது?" என்று கேட்பதற்கு முன், "நான் எதைப் பார்த்துக்கட்டும்?" என்று கேட்டுப் பாருங்களேன்!

— ஒரு வாசகி, திருச்சி.